பின் கதவில் இல்லாத கண்ணாடி

கண்டிக்கு வந்த முதல் வாரத்தில், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் கதைக்கலாமா மிஸ்?" என்று கேட்டார். ஏதோ கதை சொல்லப் போகிறார் என்று நினைத்து, நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும் என்பதுதான் கதை. அன்றைக்கே போனில் ஒரு பட்டியல் தொடங்கினேன். அதில் இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் எனக்குப் புதிய சொற்கள்: பாண் என்றால் ரொட்டி, கச்சான் என்றால் வேர்க்கடலை, கதிரை என்றால் நாற்காலி, த்ரீவீல் என்றால் ஆட்டோ. இவற்றால் ஆபத்து இல்லை. தெரியாத சொல் என்றால் நின்று கேட்டுக்கொள்வோம். இரண்டாவது பிரிவுதான் குழியில் தள்ளுவது. எனக்குத் தெரிந்த சொல், ஆனால் இங்கே வேறு பொருள். "இந்த மெஷின் லேசு மிஸ்" என்று ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சொன்னார்கள். எடையைச் சொல்கிறார்கள் என்று நம்பித் தூக்கப் போனேன். இங்கே லேசு என்றால் சுலபம். முதுகு பிடித்துக்கொண்டதில் அந்தச் சொல் மட்டும் மறக்கவே மறக்காது.

கோயம்புத்தூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் இங்கே வந்தது தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களைப் பொருத்தவும் பராமரிக்கவும். நம் ஊரில் செய்த இயந்திரங்கள்தான். கம்பெனி ஒரு சின்ன ஜப்பான் கார் கொடுத்திருக்கிறது. வாரம் முழுவதும் மலை ஏறி இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை அது சும்மா நிற்கும், நானும்தான். பதினான்கு மாதங்களாக இந்த ஊர் என்னை நன்றாகவே நடத்தியது. வழி கேட்டால் கூடவே வந்து காட்டினார்கள். வீட்டுக்குப் போனால் பால் ஊற்றாத பிளேன்டீ கொடுக்காமல் விடமாட்டார்கள். ஆனால் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் சீனி தீர்ந்தால் என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மரியாதைதான். விருந்தாளியிடம் யாராவது சீனி கேட்பார்களா?

அதனால்தான், எங்கள் அலுவலகத்தில் வேலை அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ளும் கௌசல்யா ஒருநாள் என் மேசைக்கு வந்து கேட்டது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கல்யாணம் நாவலப்பிட்டியில், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக் கோயிலில்.

"அக்கா, ஒங்க காரு ஞாயித்துக்கெழம சும்மாதான நிக்கும்?"

"ஆமா."

"நீங்களும் சும்மாதான இருப்பீங்க?"

"ஆமா."

"அப்ப பொண்ணு கார் ஓட்ட வாங்க. வாடகைக்கு ஒரு வேன் பாத்தோம், அந்த டிரைவர் வளைவுல எல்லாம் போன்ல பேசுறாரு. நீங்கதான் ஸ்க்ரூகூட எண்ணி எண்ணி வைக்கிற ஆளாச்சே."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன். பிறகு என் வழக்கப்படி பட்டியல் போட்டேன்: டயர் காற்று, வைப்பர், பின் இருக்கைக்கு வெள்ளைத் துணி, பூ கட்ட நூல். மணப்பெண் இடது பின் கதவு வழியாக ஏறி இறங்குவாள். அந்தப் பக்கம் சேறு இல்லாமல் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். குரங்கை மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, நான் கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே உள்ள கூரையில் குரங்குக் கூட்டம் ஒன்று குடும்பச் சண்டை போட்டது. ஓடு ஒன்று சரிந்து, தகரத்தில் பட்டுத் தெறித்து, நான்கு கதவுகளில் சரியாக அந்த இடது பின் கதவைத் தேர்ந்தெடுத்து விழுந்தது. நான் ஓடிவந்து பார்த்தபோது கண்ணாடி முழுவதும் கற்கண்டு மாதிரி இருக்கையில் கொட்டிக் கிடந்தது. ஒரு குட்டி அதையே ஆசையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முழுதாக ஒரே ஒரு நாள் இருந்தது. மழைக்காலம். இங்கிருந்து நாவலப்பிட்டி போவதற்குள் மூன்று தடவையாவது மழை பிடிக்கும். மணப்பெண்ணைப் பாலித்தீன் உறைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக முடியாது. வேறு வண்டி பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாம். கௌசல்யா கோபித்துக்கொள்ள மாட்டாள், "பரவாயில்ல அக்கா" என்பாள். எனக்கு அந்தப் பரவாயில்லையைத்தான் கேட்கப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் பதினான்கு மாதம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டையில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் ரிஸ்வான் நானாவுக்குப் போன் செய்தேன். நானா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன். அவரை ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

"நானா, என் கார் கண்ணாடி உடைஞ்சிடுச்சு. உங்ககிட்ட இருக்குமா?"

"ஈக்கி மிஸ்." இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். "எந்தப் பக்கத்து?"

"இடது பக்கம். பின் கதவு."

"பின் கதவுல கண்ணாடி இல்லியே மிஸ்."

"ஆமா நானா, இல்ல. நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு."

"இல்ல மிஸ், அந்தக் காருக்குப் பின் கதவுல கண்ணாடி வாறதே இல்ல."

"வராம எப்படி? நாலு கதவுக்கும் இருக்கே!"

"நாலுக்குமா?" அவர் குரலில் இப்போது கவலை தெரிந்தது. "மிஸ், நீங்க வாங்களேன். முன் கதவுக்கு உரியது ஈக்கி. எடுத்து வைக்கிறன். நேர்ல பாப்பம்."

முன் கதவுக் கண்ணாடி பின் கதவில் எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே, ஜன்னலில் பாலித்தீன் படபடக்க, மகாவலிப் பாலத்தைக் கடந்து போனேன். நானா மேசைமேல் துடைத்துப் பளபளவென்று ஒன்றை வைத்திருந்தார். முன் கதவின் வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி. அதில் என் முகம் தெரிந்தது. திறந்த வாயுடன்.

அவரைக் கையோடு காருக்கு இழுத்துப் போய்ப் பாலித்தீனைத் தூக்கிக் காட்டினேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ஷட்டரா! ஷட்டர் ஒடஞ்சிட்டுன்னு செல்ல இல்லியே நீங்க!"

"ஷட்டரா? எங்க ஊர்ல ஷட்டர்னா இதுங்க." அவருடைய கடை வாசலில் மேலே சுருட்டி ஏற்றியிருந்த இரும்புத் திரையைக் காட்டினேன்.

"அது ரோலர் டோர்."

"அப்ப கண்ணாடின்னா?"

"மொகம் பாக்குறது. இதுல மொகம் பாப்பீங்களா?"

பதினான்கு மாதம் இந்த ஊரில் கார் ஓட்டியிருக்கிறேன். அத்தனை மாதமும் கார் ஜன்னலை ஏற்றி இறக்கியிருக்கிறேன். பெயர் தெரியாமலே. பட்டியலின் இரண்டாவது பிரிவில் எழுதினேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து முடித்தபோதுதான் அவர் முகம் மாறியது. என் காருக்கான இடது பின் ஷட்டர் ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. நான் வந்துசேர்வதற்கு அரை மணி நேரம் முன்பு மாவனல்லையில் இருந்து வந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போனில் சரியான சொல்லைச் சொல்லியிருந்தால், மேசைமேல் அதுதான் பளபளத்திருக்கும்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் அப்பாவோடு பழைய மோட்டார் வாங்கப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. அங்கே கார் கதவுகளைப் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்தது, அதிலும் இல்லையென்றால் பத்தாவது. எதற்கு அவசரம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் நமக்கு நேரம் இருக்காது. அந்த வேகம் எனக்குப் பிடிக்கும். இங்கே ரிஸ்வான் நானா நான்கு கடைகளுக்குப் போன் செய்தார். நான்கிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் கல்யாணத்தைச் சொன்னார், பெண் ஹந்தானை என்றார், மாப்பிள்ளை நாவலப்பிட்டி என்றார், பிறகுதான் ஷட்டருக்கு வந்தார். ஒரு கடைக்காரர் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று வேறு கேட்டிருக்கிறார் போல. "தெரியா, கேட்டுச் செல்றன்" என்றார் நானா.

இந்தச் சத்தத்தில் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டிலிருந்து அவர் மனைவி பஸீனா வந்தார். விஷயத்தையும் என் போன் பட்டியலின் கதையையும் கேட்டார். என்னையும் பாலித்தீனையும் பார்த்தார்.

"ஏன், என்ட காரும் இதே கார்தானே? அதுல ஈக்கிறதக் கழட்டுங்களே."

நானா திடுக்கிட்டார். "ஒங்களுக்கு?"

"நான் எங்கயும் போற இல்ல. அடுத்த கிழம ஒங்களுக்குச் சாமான் வாறதானே? புதுப்பொண்ணு மழையில நனஞ்சி போறதா? நல்ல கத!"

"வேணாம் அக்கா, உங்க காரை எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா இல்ல, ராத்தா. அந்த லிஸ்ட்ல அதையும் எழுதுங்க" என்றார்.

அடுத்த தடை: கழற்றிப் பூட்டும் ஆள் அன்று லீவு. விற்கத் தெரியும், கழற்றினால் மறுபடி பூட்டத் தெரியாது என்று நானா மனம்திறந்து ஒப்புக்கொண்டார். நான் டிக்கியைத் திறந்து என் கருவிப் பெட்டியை எடுத்தேன். ராத்தா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, கிரிக்கெட் மேட்ச் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

இந்த வேலையை ரசித்துச் செய்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கைப்பிடிக்குள் ஒரு ஸ்க்ரூ, கை வைக்கும் இடத்துக்கு அடியில் ஒன்று. பிறகு கதவின் உள் அட்டையைக் கீழிருந்து நெம்பினால் டப், டப், டப் என்று கிளிப்புகள் விடுபடும். ஈரம் வராமல் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் பாலித்தீனைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும். பின் கதவில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் நிற்கும் கம்பியைக் கழற்றிச் சாய்க்காமல் கண்ணாடி வெளியே வராது. நானா அதை நேராகவே இழுத்துப் பார்த்தார்.

"இழுக்காதீங்க நானா, சாய்ங்க."

"சாஞ்சிட்டன், அதான் வர இல்லியே."

"நீங்க சாஞ்சுட்டீங்க. கண்ணாடியைச் சாய்க்கணும்."

"ஷட்டர!" என்று கதிரையிலிருந்து குரல் வந்தது.

ராத்தாவின் காரிலிருந்து அது வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது. வெயிலுக்காக அதில் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். உரித்துவிடட்டுமா என்று நானா கேட்டார். இரவல் பொருளை அப்படியே திருப்பித் தருவதுதான் முறை என்று வேண்டாமென்றேன். என் கதவின் அடியில் விழுந்திருந்த கற்கண்டுகளை வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்து, ஷட்டரை இறக்கி, இரண்டு போல்ட்டை முடுக்கி, சுவிட்சை அழுத்தினேன். அது ஒரு முனகலும் இல்லாமல் மேலே போய் ரப்பருக்குள் பொருந்தியது. ராத்தா கை தட்டினார். ராத்தாவின் காரில் இப்போது என் பாலித்தீன்.

சந்தோஷம் தாங்காமல் அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, நானே ஷட்டர் மாத்திட்டனுங்கப்பா!"

"ஷட்டரா? எந்தக் கடைக்கு அம்மிணி?" என்றார் அப்பா. "வேலைய உட்டுட்டுக் கடை கிடை போட்டுட்டயா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டயா?" அவரை அமைதிப்படுத்தக் கால் மணி நேரம் ஆனது.

ஞாயிறு காலை, பூ கட்டிய காரோடு ஹந்தானைக்குப் போனேன். முந்தைய நாள் நடந்ததைக் கௌசல்யாவிடம் சொல்லவில்லை. அவள் சிவப்புச் சேலையில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளின் படிகளில் இறங்கி, இடது பின் கதவு வழியாக ஏறினாள். கதவைச் சாத்தினேன். ஷட்டர் முழுதாக மேலே இருந்தது. காற்று புகாது, மழை புகாது. மூன்று அடி போயிருப்பேன்.

"அக்கா, இத எறக்குங்க. யாருக்குமே என்னத் தெரியல!"

"மழை வருதே கௌசல்யா."

"வரட்டும். எங்க லயத்துல எல்லாரும் பாக்க வேணாமா? இதென்ன இந்தப் பக்கம் மட்டும் கறுப்பா இருக்கு? எறக்குங்க, எறக்குங்க!"

இறக்கினேன். அவள் பாதி உடம்பை வெளியே நீட்டி, பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு, கொழுந்துக் கூடைகளுக்குக்கூடக் கை காட்டினாள். அவள் அம்மா உள்ளிருந்து சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சிரித்தார். கம்பளையில் பெருமழை பிடித்தபோதுதான் ஏற்றவிட்டாள். தண்ணீர் வெளிப்பக்கம் வழிந்து ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் ராத்தாவின் கதையைச் சொன்னேன். கௌசல்யாவின் அம்மா அந்தக் கறுப்புக் கண்ணாடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "அப்ப அந்தப் புள்ளைக்கும் கல்யாணச் சாப்பாடு கட்டிக் கொண்டுபோகணும்" என்றார். கட்டியும் கொடுத்தார், மூன்று பேர் சாப்பிடும் அளவுக்கு.

அடுத்த வாரம் சாமான் வந்தது. புதிதாக வந்த ஷட்டரை என் காருக்கு வைத்துக்கொண்டு, ராத்தாவுடையதை அவர் காரில் நானே பூட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை நானா சரியாகச் சாய்த்தார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டில் கத்தரிக்கோல் இரவல் கேட்டார்கள். அது இன்னும் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் போவதில்லை.

கல்யாணப் படங்களைக் கௌசல்யா நேற்றுத்தான் அனுப்பினாள். கோயில் வாசலில் எடுத்த படம் ஒன்று. போட்டோக்காரர், "பொண்ணு வீட்டாளுங்க காருப் பக்கம் வாங்க" என்று கத்தினார். நான் ஒதுங்கப் போனேன். கௌசல்யாவின் அம்மா, "நீ எங்க போற? இங்க நில்லு" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இடம் இல்லை. திறந்திருந்த கார்க் கதவை ஒட்டி ஒடுங்கி நின்றேன். அப்படியே படம் விழுந்திருக்கிறது. என் வலது பாதி மணப்பெண் வீட்டாரோடு வரிசையில், வெயிலில், பல் தெரியச் சிரிக்கிறது. இடது பாதி கறுப்பு ஷட்டருக்குப் பின்னால், மங்கலாக, அதே சிரிப்போடு நிற்கிறது.

அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏஞ் சாமி, நீ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கறயா, அந்தப் பக்கம் நிக்கறயா?"

"ரெண்டு பக்கமும்தானுங்கப்பா" என்றேன்.