பத்துக் கேள்வியும் ஒரு பிரஷர் மிஷினும்

கர்ப்பிணிக்கு எடை பார்க்கலாம், ரத்தம் எடுக்கலாம். மனசு எப்படி இருக்கு என்று அவளிடமே கேட்டுப் பதில் வாங்குவதுதான் கிராமச் செவிலியர் வேலையிலேயே பெரும்பாடு. படிவமும் கையுமாக அலையும் சகோதரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். பத்துக் கேள்வி, பதிலைக் கர்ப்பிணிதான் சொல்லணும். வேப்பந்தட்டைப் பக்கத்தில் எனக்கு வாய்த்தது கலையரசி வீடு.

சோறு திங்குறா

கலையரசிக்கு ஆறாம் மாதம். போன வருஷம் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை எடை ஏறவே இல்லை, முகத்தில் களையும் இல்லை. அவள் வாயைத் திறந்தால்தான் மனநல டாக்டருக்கு எழுத முடியும்.

"தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டேன். "தூங்குறா" என்றார் மாமியார் அஞ்சலை. "அழுகை வருதா?" "வராது." "பயமா இருக்கா?" "எங்க வூட்ல என்ன பயம்?" கலையரசி சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, மாசமா இருக்கறது நீங்களா, அவளா?" என்று கேட்டேவிட்டேன். அவர் அசரவில்லை.

"சோறு திங்குறா, கொழம்பு ஊத்திக்கிறா, அப்புறம் மனசுக்கு என்னம்மா கேடு?"

லாரியில் போன படிவம்

சரி, தனியாகப் படித்து டிக் பண்ணட்டும் என்று படிவத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். புருஷன் முருகேசன் அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். படிவத்தை லாரியிலேயே கொண்டுபோய், லோடு இறக்கக் காத்திருந்த நேரத்தில் பூர்த்தி பண்ணிவிட்டார். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, நெஞ்சு படபடப்பு என்று எல்லாவற்றுக்கும் டிக். அடுத்த தடவை போனபோது படிவத்தை அவரேதான் நீட்டினார். "கலையரசி சொன்னதா இதெல்லாம்?" என்றேன்.

"அவளுக்கு எப்படின்னு தெரியல மேடம், அதான் எனக்கு எப்படியோ அப்படியே போட்டுட்டேன்."

பேசக்கூடாத மிஷின்

மூன்றாம் தடவை பிரஷர் மிஷினை எடுத்து வைத்தேன். "இது புதுசு. கால் மணி நேரம் வேற குரல் கேட்டா தப்பாக் காட்டும், எல்லாரும் வெளிய போங்க" என்று வாய் கூசாமல் புளுகினேன். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். கொக்கரித்த கோழியைக்கூட விரட்டிவிட்டார். உள்ளே, கையில் பட்டையோடு கலையரசி பேசினாள். பிள்ளை அசையுதா என்று வயிற்றில் கை வைத்தபடியே விடிந்துவிடுகிறதாம். போன பிள்ளையைப் பற்றி இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். எனக்கே அழுகை வந்துவிட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தால், ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அஞ்சலை, முழங்கைக்கு மேலே சேலையை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"எனக்கும் அத மாட்டிவுடும்மா, நானும் ரெண்டு தொலைச்சவதான், என்னை இன்னிவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

அன்று சாயங்காலம் முருகேசனுக்கும் மாட்டிவிட்டேன்: மூன்று பேருக்கும் பிரஷர் நார்மல்தான், படிவத்தில்தான் ஒருத்தர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.