நைட்டிக்கு வந்த இரங்கல்

எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வீட்டுக்கு ஒரு நம்பர் என்பது அதன் சட்டம். அந்த நம்பர் ஆம்பளை நம்பராக இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலேயே எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அப்படி இல்லை. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். சிதம்பரத்து வீட்டில் இருப்பது நானும் பள்ளிக்கூடம் போகும் மகளும்தான். அதனால் குழு ஆரம்பித்தபோது என் நம்பரைக் கொடுத்தார், அட்மினும் மறுபேச்சு இல்லாமல் சேர்த்துக்கொண்டார். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

குழுவில் முக்கியமாக வருவது மௌத்துச் செய்தி. யார் இறந்தார், எந்தத் தெரு, அடக்கம் எந்தத் தொழுகைக்குப் பிறகு என்று நாலு வரி. நோன்பு மாதத்தில் கஞ்சி எப்போது ஊற்றுவார்கள் என்று வரும். இவற்றுக்கு நடுவில் மனை விற்பனை, மக்காவுக்கு உம்ரா பயணம், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை என்று விளம்பரங்களும் விழும். அதற்கெல்லாம் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

நான் வீட்டிலிருந்தே நைட்டியும் சுடிதாரும் விற்கிறேன். ஒரு நாள் காலையில் ஈரோட்டுச் சரக்கு வந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, விலையையும் எழுதி, குழுவில் போட்டுவிட்டு அரிசி களையப் போனேன். நான் படங்களை அனுப்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அட்மின் ஒரு மௌத்துச் செய்தி போட்டிருக்கிறார். அது மேலே விழுந்தது. என் நைட்டிகள் அதற்கு நேர் கீழே வரிசையாக விழுந்தன.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. மௌத்து என்ற வார்த்தையைப் பார்த்தாலே முழுசாகப் படிக்க மாட்டார்கள். 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கும் இரங்கல் வாசகத்தை முந்தினவர் போட்டதிலிருந்து காப்பி எடுத்து ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அன்று முதலில் வந்த யாரோ கை தவறி என் படத்தை இழுத்துப் பதில் போட்டுவிட்டார். பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், நீலப் பூப் போட்ட எக்ஸெல் சைஸ் நைட்டிக்கு ஊரே துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் அதே நைட்டியை இழுத்து, 'அடக்கம் எப்போ?' என்று கேட்டிருந்தார்.

சிரித்துவிட்டேன். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகுதான் இறந்தவர் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று உறைத்தது. உடனே படங்களை எல்லாம் நீக்கி, ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் மனை வியாபாரம் செய்யும் ஒருவர் உள்ளே வந்தார். 'இது மௌத்து குரூப்பா, மார்க்கெட்டா? பொம்பளைக்கு இங்க என்ன வேலை?' என்று கேட்டார். முந்தின நாள்தான் அவர் கடலூர் ரோட்டுப் பக்கம் மனை இருப்பதாக வண்ணப் படம் போட்டிருந்தார்.

மதியம் அட்மின் போன் செய்தார். வீட்டுக்காரர் வழியில் தூரத்து உறவு, எங்களுக்கு மாமா முறை. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. யார் சத்தம் போட்டுப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. நாலு பேரு பேசறாங்க. உன் நம்பர எடுத்துட்டு மாப்ள நம்பர போட்டுடுறேன்."

"எதுக்கு மாமா? போட்டோவ எடுத்துட்டேன். மன்னிப்பும் கேட்டுட்டேன்."

"அது இல்லமா. ஆம்பளைங்க ஜாஸ்தி இருக்கிற எடம்."

"அவுரு குவைத்துல இருக்காரு மாமா. இந்தத் தெருவுல ஒரு மௌத்துன்னா அங்கேந்து வந்து நிப்பாரா? வீட்ல இருக்கிறது நானு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. அவரு பாத்துட்டு உனக்குச் சொல்லப் போறாரு."

"அப்ப மனை விக்கிறவரையும் எடுத்துடுவீங்களா?"

"அது வேறம்மா."

எப்படி வேறு என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. போனை வைத்த கையோடு என்னை நீக்கிவிட்டார். குவைத்துக்குக் கூப்பிட்டேன். "மச்சான், ஒங்க நம்பர சேக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்றேன். "இதுக்குப் போயி சண்ட போடாத புள்ள, நான் பாத்துச் சொல்றேன்" என்றார். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போகிற மனிதர் எனக்குப் பார்த்துச் சொல்வாராம். ரெண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

எனக்கு வலித்தது விளம்பரம் போட இடம் போனதனால் இல்லை. இந்த வீட்டின் நம்பர் நான் என்பதைத் துடைத்துவிட்டார்கள். வரி கட்டுவது நான், சந்தா கொடுப்பது நான், தெருவில் நல்லது கெட்டதுக்குப் போய் நிற்பது நான். குழுவில் மட்டும் குவைத்து நம்பர்.

அந்த வாரம் என் தாய்வீட்டுக்குக் கடலூர் போனபோது பள்ளிக்கூடத் தோழியைப் பார்த்தேன். கிறிஸ்தவப் பெண். மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க சர்ச்சு பங்கு குரூப்புல நான் கேக்கு போட்டா ஃபாதரே மொத ஆளா ஆர்டர் குடுக்கறாரு. ஒங்க ஆளுங்களுக்கு என்னடி?" என்றாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "அவுங்க குரூப்புல எடம் கேட்டு ஏன் நிக்கிற? நீயே ஒரு லிஸ்ட் போடு. பிராட்காஸ்ட்டு. நீ அனுப்பறது எல்லாருக்கும் தனித்தனியாப் போவும். ஆனா ஒண்ணு, உன் நம்பர அவுங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாதான் போவும்."

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தெருத்தெருவாக அலைய வைத்தது. நிக்காஹ் வீடு, பேர் வைக்கிற வீடு, மகளின் பள்ளி வாசல் என்று எங்கே நாலு பெண்கள் நின்றாலும் போனை வாங்கி என் நம்பரை நானே பதிந்து கொடுத்தேன். பாதிப் பேர் 'நைட்டி' என்றே சேமித்துக்கொண்டார்கள். சேமிக்கட்டும். அப்போதுதான் கவனித்தேன், போன் இல்லாத பெண் எங்கள் ஊரில் ஒருத்திகூட இல்லை. ஜமாஅத்துக்குத்தான் அது தெரியவில்லை.

வியாபாரத்தையும் அடிபட்டுத்தான் கற்றேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த மெரூன், கையில் கிடைக்கும்போது செங்கல் நிறமாக இருக்கும். சண்டை வரும். ஆகவே மொட்டை மாடியில் காலை வெயிலில்தான் படம். விலையைப் படத்திலேயே எழுதிவிடுவேன். விலை கேட்டால் 'இன்பாக்ஸ் வாங்க' என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், விலை என்ன ரகசியமா? எழுத வராதவர்களுக்குக் குரலில் பேசி அனுப்புவேன், அவர்களும் குரலிலேயே கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போட மாட்டேன். தெருவில் மௌத்து என்றால் அன்று முழுக்க ஒரு படமும் போட மாட்டேன். இது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். குறிஞ்சிப்பாடி, மங்கலம்பேட்டை என்று ஆர்டர் வரத் தொடங்கியது. பார்சலைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களைத் தேடுவது என் சாயங்கால வேலையாகிவிட்டது.

என் முதல் வாடிக்கையாளர் பின் தெருவில் இருந்த ஒரு அம்மா. மகன்கள் இருவரும் மலேசியாவில். தோள்பட்டை வலியால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, அதனால் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டிதான் அவருக்கு வேண்டும். "புள்ள, ஜிப்பு வெச்சது வந்துச்சா?" என்று வாரம் ஒரு தடவை குரல் அனுப்புவார். வாங்குவதற்காக இல்லை, பேசுவதற்காக என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் மாடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின் தெருவில் நாற்காலி போட்டிருந்தது, ஆண்கள் கொஞ்சம் பேர் நின்றிருந்தார்கள். ஏதோ நிச்சயம் பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். புதுச் சரக்கை லிஸ்டுக்கு அனுப்பினேன், ஸ்டேட்டஸிலும் வைத்தேன். பதினோரு மணி வாக்கில் அட்மின் மாமா போன் செய்தார். என்னை நீக்கிய பிறகு அதுதான் முதல் போன்.

"ஏம்மா, வீட்ல இருக்கியா? பின் தெரு அம்மா மௌத்தாயிட்டாங்க. விடியக் காலையிலயே. உள்ள ரெண்டு பொம்பளைங்கதான் இருக்காங்க, குளிப்பாட்டக் கை பத்தல. குரூப்புல போட்டேன், ஆம்பளைங்கதான் வந்து நிக்கிறாங்க. உன்கிட்ட எல்லா வீட்டுப் பொம்பளைங்க நம்பரும் இருக்குன்னு எங்க வீட்ல சொல்றா."

பெண் இறந்தால் அந்த மய்யித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம்பரைச் சேர்க்கும்போதுதான் தெரியவில்லை.

அந்த அம்மா இரண்டு சுவர் தள்ளி இறந்து கிடந்தபோது நான் மாடியில் நின்று நைட்டியை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தக் குற்றத்துக்காக என்னை வெளியே தள்ளினார்களோ, அதே குற்றத்தை இப்போது அவர்களே என்னைச் செய்ய வைத்துவிட்டார்கள். குவைத்தில் செய்தி லாக்கருக்குள் கிடந்தது.

"காலையிலேந்து எனக்குத் தெரியல மாமா. தெரியாத மாதிரி நீங்கதான் பண்ணீங்க" என்றேன்.

ஸ்டேட்டஸை எடுத்தேன். லிஸ்டுக்குப் போன படங்களை நீக்கினேன். எழுதினால் நேரமாகும் என்று குரலில் பேசினேன்: பின் தெரு அம்மா போய்விட்டார், குளிப்பாட்ட ஆள் வேண்டும், கை இருக்கிறவர்கள் எல்லாரும் வாருங்கள் என்று. 'நைட்டி' என்று சேமித்த அத்தனை போனிலும் அது ஒலித்திருக்கும். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அடுப்பில் கை வைத்திருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா உடம்பில் இருந்தது நான் கொடுத்த ஜிப் வைத்த நைட்டி. கையைத் தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் சுலபமாகக் கழன்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அட்மின் மாமா எங்கள் வாசலில் நின்றார்.

"உன் நம்பர மறுபடி சேத்துடுறேன்மா."

"என்ன மட்டும் சேத்தா பத்தாது மாமா. ஒவ்வொரு வீட்லயும் பொம்பளை நம்பரு ஒண்ணு சேருங்க. சாவறதுல பாதிப் பேரு பொம்பளைங்க."

"பாப்போம்மா" என்றார். ஆனால் அங்கேயே நின்று என் நம்பரைச் சேர்த்துவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் மகளுக்குச் சோறு போட்டுவிட்டுக் குழுவைத் திறந்தேன். அந்த அம்மாவின் மௌத்துச் செய்தி, அதன் கீழே இரங்கல்கள். அதற்கும் கீழே, சுடச்சுட, ஒரு வண்ணப் படம். சிதம்பரம் பைபாஸ் அருகே மனைகள், உடனே முந்துங்கள். போட்டிருந்தவர் அதே மனைக்காரர். மண் காயாத நாளில் மண் விற்க வந்திருந்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. இது மார்க்கெட்டா என்று ஒரு வாயும் திறக்கவில்லை.

அந்தப் படத்தை இழுத்தேன். கீழே எழுதினேன்: 'அடக்கம் எப்போ?'

யார் யாரோ எதையோ தட்டத் தொடங்கி நிறுத்துவது மட்டும் தெரிந்தது. பிறகு மனைப் படம் மறைந்து, இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று வந்தது. குவைத்திலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "என்ன புள்ள இப்படிப் போட்டுட்ட? எடுத்துடு" என்றார், ஆனால் சிரிப்பை அடக்குகிற குரல். எடுக்க மாட்டேன் என்றேன். என்னை மறுபடி நீக்குவார்கள் என்று விடியும் வரை எதிர்பார்த்தேன், யாரும் நீக்கவில்லை.

மனைக்காரர் தன் படத்தை எடுத்துவிட்டாலும், என் பதிலுக்குள் அது சின்னதாக ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கிறது. மேலே தள்ளிக்கொண்டே போனால் யாரும் பார்க்கலாம்.