மெய்யாகவே இன்றே கடைசி

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் எங்கள் கடை இருந்தது. முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், கோப்பித்தூள், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் புகையிலை. கலியாணம் முடித்து வந்த புதிதிலேயே என் வீட்டுக்காரர் எனக்குத் தராசு பிடிக்கப் பழக்கிவிட்டார். அவர் கடையில் நிற்பதைவிட நான் நிற்பது கடைக்கு நல்லது என்று எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அவருக்குக் கணக்கு வராது என்றில்லை. பாட்டு வந்தால் கணக்கு எழும்பிப் போய்விடும், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு நாடகம் போடவேண்டும் என்று ஆசை. பழைய கதை வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த புராணக் கதையை எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் பாடி ஆடக் கொழும்பில் ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். இவருடைய கதை துறைமுகத்தில் நடக்கும் கதை. கப்பலேறிப் போன புருஷன் வருவான் என்று ஒருத்தி காத்திருக்கிறாள். பாட்டெல்லாம் புதிது, மெட்டும் புதிது. பின் அறையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அவர் பாட்டுக் கட்டும்போது முன்கடையில் நான் அரிசி நிறுப்பேன். நல்ல பாட்டுகள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சுக்கு நீதியில்லை.

நாடகம் தொடங்குவதற்கு முன்பே அவர் எனக்குத் தொழிலை விளங்கப்படுத்தினார்.

"இஞ்சை பாரும், பழைய நாடகத்துக்குச் சனம் தனக்குத் தெரிஞ்ச பாட்டைக் கேக்க வரும். புது நாடகத்துக்கு அப்பிடி வராது. பாட்டு முதல்ல சனத்தின்ரை வாயில ஏறவேணும். ஏறும்வரைக்கும் நாங்கள் தாங்கவேணும்."

"எதாலை தாங்கிறது?" என்று கேட்டேன்.

"கடை இருக்குதுதானே," என்றார்.

கையில் இருந்த பருப்பைத் திரும்பச் சாக்கில் கொட்டிவிட்டு மறுபடி நிறுத்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் கிடைத்தது. முன்பு கொப்பறா அடுக்கும் கிட்டங்கியாக இருந்த இடம். மழை பெய்தால் சுவரிலிருந்து கொப்பறா மணம் வரும். மண்டபத்துக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகியாகப் பாட மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் சம்பளம், பக்க வாத்தியக்காரர் சம்பளம், மண்டப வாடகை, காஸ் விளக்கு வாடகை, உடுப்பு, நோட்டீஸ், மேளம் அடித்து நோட்டீஸ் எறிந்து போகும் வண்டி. நாலு பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் விளக்கு ஒரேயளவு எண்ணெய்தான் குடிக்கும்.

சனி, ஞாயிறு மாலைகளில் ஆட்டம். முதல் கிழமை முன்வரிசையில் எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் இருந்தார்கள், அதுவும் ஓசியில். அடுத்த கிழமை அவர்களும் இல்லை. திங்கட்கிழமை காலையில் அவர் கடைக்கு வந்து பணப்பெட்டியைத் திறப்பார். நான் பார்க்காதமாதிரி மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன். அவரும் நான் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொள்வார்.

அப்போதுதான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. அடுத்த ஞாயிறு நோட்டீஸில் தடித்த எழுத்தில் 'இன்றே கடைசி' என்று அச்சடிப்பித்தார். அன்றைக்குப் பார்த்தால் மண்டபத்தில் இடமில்லை. வெள்ளவத்தையிலிருந்து, ஹெவ்லொக் டவுனிலிருந்து, புதுக்கடையிலிருந்து சனம் வந்து நின்றது. விட்டால் போய்விடும் என்றால் எங்கள் சனத்துக்கு எதுவும் ருசிக்கும். அவர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அப்ப முடிஞ்சுதோ?" என்றேன்.

"விசரே உமக்கு? இனித்தான் தொடங்குது," என்றார்.

மறு கிழமை 'இரசிகர்களின் பெருவிருப்பத்துக்கு இணங்க' என்று ஒரு நோட்டீஸ். ஞாயிறு வந்ததும் திரும்பவும் 'இன்றே கடைசி'. அடுத்த கிழமையும் அப்படியே. ஒவ்வொரு ஞாயிறும் அது கடைசி, ஒவ்வொரு சனியும் அது தொடக்கம்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நாங்கள் வீட்டை விட்டு இறங்கும்போது 'போறன்' என்று சொல்லும் ஆட்கள் இல்லை. சந்தைக்குப் போனாலும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்றுதான் வாயில் வரும். தப்பித்தவறி யாராவது 'போறன்' என்று சொல்லிவிட்டால், திரும்பக் கூப்பிட்டு, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவோம். அப்படிப்பட்ட வீட்டில் கட்டுக்கட்டாகக் 'கடைசி' வந்து இறங்கியது.

"இஞ்சாருங்கோ, உந்தச் சொல்லை ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டாதையுங்கோ. வாய்ச்சொல்லுக்கே பயப்பிடுற ஆக்கள் நாங்கள். நீங்கள் அச்சடிச்சு ஒட்டுறியள்."

"அது வியாபாரச் சொல்லப்பா. வாய்ச்சொல் வேறை, நோட்டீஸ் வேறை."

மிஞ்சிய நோட்டீஸை அவர் கடைக்குக் கொண்டுவந்து போட்டார். கடதாசி விலை ஏறியிருந்த காலம். ஐரோப்பாவில் சண்டை தொடங்கி எல்லாச் சாமானும் விலையேறிக்கொண்டிருந்தது. வீணாக்க மனம் வரவில்லை, அதிலேயே சுருள் சுற்றி மிளகாயும் மல்லியும் கொடுத்தேன். ஒரு நாள் ஒரு அம்மா சுருளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கடைசி எண்டு எழுதின கடதாசியில சமையல் சாமான் கட்டாதை பிள்ளை. நான் சீலைத் தலைப்பில கொண்டுபோறன்," என்றார்.

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு, "கொண்டுபோட்டு வாறன்," என்று திருத்தினார். அன்றிலிருந்து நான் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு நோட்டீஸிலும் அந்த வரியை மட்டும் வெட்டி ஒரு பிஸ்கட் தகரத்தில் போடுவேன். குப்பையில் போடவும் பயம், எரிக்கவும் பயம். தகரம் நிறைந்துகொண்டு வந்தது.

ஊர் பகிடிபண்ணத் தொடங்கியது. மீன்காரன் கூடையை இறக்கிவைத்து, "முதலாளி, அதத் அந்திமத?" என்று கேட்பான். இன்றைக்கும் கடைசியா என்று சிங்களத்தில் கேட்கிறான். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். எதிர்வீட்டில் ஒரு ரெயில்வே கிளாக்கர் இருந்தார். நல்ல மனிதர், பாட்டுப் பைத்தியம், பழைய நாடகப் பாட்டெல்லாம் மனப்பாடம். எங்கள் நாடகத்துக்கு மட்டும் வரமாட்டார்.

"அடுத்த கிழமை கட்டாயம் வாறன் தம்பி. நீர் எங்கை நிப்பாட்டப் போறீர்?" என்பார். பிறகு கோப்பித்தூளை வாங்கிக்கொண்டு, "உம்மடை பாட்டு நல்லதுதான், வாயிலதான் நிக்குதில்லை," என்பார்.

சனம் குறையத் தொடங்கியது. 'இன்றே கடைசி' என்றால் அடுத்த கிழமையும் உண்டு என்று அர்த்தமாகிவிட்டது. அரிசிச் சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த மூலையில் சுவர் தெரிந்தது. அந்தச் சுவரில் ஒரு பச்சை நிறம் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. ஒரு நாள் அவர் புதுக்கடைக்குப் போய்ப் பத்திரம் எழுதும் பிரக்கிராசியார் ஒருவரிடம் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். மண்டப வாடகையும், சம்பளங்களுக்கென்று ஹாஜியார் கடனாகக் கொடுத்ததும் மாத முடிவுக்குள் தீராவிட்டால், கடையும் கடையில் உள்ள சாமானும் ஹாஜியாருக்கு.

நான் கத்தினேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். "என்னைக் கேட்டனீங்களோ? இந்தத் தராசு பிடிச்ச கை ஆரின்ரை கை?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மனிசன் சிரிக்காமல் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஹாஜியாரே ஒரு காலை கடைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. கடையில் போட்டிருந்த வாங்குப்பலகையில் குந்தித் தேத்தண்ணி குடித்தார்.

"ஒங்கட மாப்புள மிச்சம் நல்ல மனிசன் தங்கச்சி. எனக்கும் புள்ளைகள் ஈக்கி. நான் என்ன செய்ற?" என்றார். பிறகு வெறுமையாகக் கிடந்த மூலையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மதுரைப் பெண் பெட்டி கட்டினாள். சண்டை இந்தப் பக்கமும் வரும், ராமேஸ்வரம் போகிற கப்பல் நின்றுவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம பாடிக்குடுத்துட்டுத் திங்கக்கெழம ரயிலேறிடுறேன் அண்ணே. கப்பல் நின்னுபோச்சுன்னா எங்க அம்மாவை நான் எப்பப் பாக்குறது?" என்று அழுதாள். அவளைப் பிழை சொல்ல முடியாது. அவளில்லாமல் நாடகமும் இல்லை.

ஆகவே அந்த ஞாயிறு உண்மையாகவே கடைசி. ஹாஜியாரும் இறங்கிவந்தார். அன்றைக்கு மண்டபம் நிறைந்தால் வசூலை அப்படியே எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குத் தவணை தருவதாகவும், கடையைத் தொடுவதில்லை என்றும் சொன்னார். ஒரு மண்டபம் நிறைந்தால் போதும். முதல் தடவை அந்தச் சொல்லைப் போட்டபோது நிறைந்த மண்டபம்தானே.

என் வீட்டுக்காரர் கடை வாங்கில் குந்தியிருந்து நோட்டீஸ் எழுதினார். எழுதினார், வெட்டினார், எழுதினார்.

"வேறை சொல் ஒண்டு சொல்லுமப்பா," என்று என்னிடம் கேட்டார். "கடைசி எண்டதுக்கு வேறை என்ன சொல் இருக்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இருந்த ஒரு சொல்லையும் அவர் செலவழித்துவிட்டார். கடைசியில் 'மெய்யாகவே இன்றே கடைசி' என்று சிவப்பு மையில் அச்சடித்தார்கள். வண்டி மேளத்தோடு காலி ஊருக்குப் போகும் பெருவீதியில் போனது. சனம் கைகொட்டிச் சிரித்தது. "கிழமைக்குக் கிழமை நோட்டீஸ் வடிவாகுது," என்று கிளாக்கர் சொன்னார். அவரிடம் நானே போய்ச் சொன்னேன், இந்த முறை உண்மை அண்ணை, வாருங்கோ என்று.

"நீங்களும் விளம்பரத்துக்கு இறங்கியாச்சோ தங்கச்சி?" என்று சிரித்தார். "அடுத்த கிழமை கட்டாயம்."

அன்றைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு மண்டபத்துக்குப் போனேன். மழை இல்லை, வேறு திருவிழா இல்லை, குறை சொல்ல ஒரு காரணமும் இல்லை. விளக்குகளெல்லாம் ஏற்றியாயிற்று. நாற்காலிகள் வரிசை வரிசையாக வெறுமனே இருந்தன. பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளித் தள்ளி இருந்தார்கள். ஹாஜியார் வாசலில் நின்று வெகுநேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே உள்ளே வந்து, சீட்டுக்குக் காசு கொடுத்து, முன்வரிசையில் இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு பாட்டைக்கூடக் குறைக்கவில்லை. காத்திருக்கிறவளின் பாட்டை அவள் பாடியபோது நான் அழுதேன். கடையை நினைத்து அழுதேனோ பாட்டைக் கேட்டு அழுதேனோ, இரண்டும்தான். மங்களம் பாடி முடித்தபோது கைதட்டியவர்கள் நானும் ஹாஜியாரும்.

அடுத்த ஞாயிறு என்ன நடந்தது என்று ஹாஜியார் சொல்லித்தான் தெரியும். மாலையில் சனம் நல்லாக உடுத்து, பிள்ளைகுட்டிகளோடு, கையில் காசோடு வந்து மண்டப வாசலில் நின்றதாம். பூட்டைக் கண்டும் நம்பவில்லையாம். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது ஹாஜியார் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத முடிவில் நாங்கள் ஊருக்குப் போக மூட்டை கட்டினோம். பிஸ்கட் தகரம் அவர் கையில் அகப்பட்டது. திறந்து பார்த்தார். உள்ளே முழுக்க ஒரே வரி.

"எல்லாத்தையும் வெட்டினீரோ?" என்றார்.

"வெட்டினன்."

தகரத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு சிவப்பு நோட்டீஸ் ஒன்றை எடுத்து, நாடகத்தின் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் கிழித்துவிட்டு, மிஞ்சிய துண்டைக் கடைப்பலகையில் ஒட்டினார். நான் தடுக்கவில்லை. தடுத்து என்ன?

கோட்டை ரெயில் நிலையத்துக்குப் போக வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது கிளாக்கர் வீதியைக் கடந்து வந்தார். பலகையைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்ப கடைக்கும் நோட்டீஸோ! சரி சரி, அடுத்த கிழமைக்கு எனக்கு இரண்டு றாத்தல் கோப்பித்தூள் எடுத்து வையுங்கோ தங்கச்சி. ஊருக்கோ? போட்டு வாங்கோ."

"போறம் அண்ணை," என்றேன்.

என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் முதன்முதல் சொன்னது அன்றைக்குத்தான். அவர் திருத்துவார், திரும்பக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்லவைப்பார் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் நடந்தார். நடக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு போனார். காத்திருக்கிறவளின் பாட்டு. அடி பிசகவில்லை, மெட்டும் பிசகவில்லை. எங்கே கேட்டாரோ, யார் பாடிக் கேட்டாரோ தெரியாது.

என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கிளாக்கர் வீட்டுக் கதவு சாத்தும்வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வாயில ஏறிட்டுது," என்றார்.