தனபால் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்ட அன்று

மதியம் கண்ணாடித் தம்ளர்களை ஆவியில் காட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாண்டியா, அண்ணன் போயிட்டாருப்பா" என்றார் அண்ணி. 'எங்க போயிடப் போறாரு, சாயங்காலம் இங்கதான் வந்து நிப்பாரு' என்று சொல்ல வாய் துடித்தது. தனபால் அண்ணனைக் கேலி செய்தே பழகிய வாய். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். துடைத்த தம்ளரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், மர்பி டவுனில் அவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பொறுக்க மாட்டார், அது வேறு விஷயம்.

எங்கள் ஓட்டல் ஒரு பழைய ரயில் பெட்டி. ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகள் போய்வந்த பெட்டியாம். மரத்துக்கு மெருகேற்றி, பித்தளை விளக்கு மாட்டி, தோட்டத்து நடுவே ஒரு துண்டு தண்டவாளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே பிரெஞ்சுச் சாப்பாடு. ஒவ்வொன்றாக, நிதானமாக வரும். பரிமாறுகிற எங்களுக்கெல்லாம் தனபால் அண்ணன்தான் கேப்டன். வேலைக்குச் சேர்ந்த அன்று அவரிடம், "வண்டி எப்பண்ணா கிளம்பும்?" என்று கேட்டேன். "அது ஓடாதுடா. அதுக்கும் சேர்த்து நாமதான் ஓடணும்" என்றார்.

ஒரு முறை மல்லேஸ்வரத்திலிருந்து கல்யாண நாள் கொண்டாட ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மெனுவில் ஒரு பெயரைத் தொட்டு, இது என்ன என்று பெரியவர் கேட்டார். அது நத்தை. அண்ணன் முகம் மாறவே இல்லை. "மழை பெஞ்சா நம்ம காம்பவுண்டு சுவத்துல ஏறுமே சார், அதேதான். இங்க வெண்ணெய்ல ஏறியிருக்கு" என்றார். அந்த அம்மாள் சிரித்து முடிக்கும்வரை பெரியவரால் வேறெதுவும் ஆர்டர் செய்ய முடியவில்லை. அப்புறம் உள்ளே வந்து அண்ணன் என்னிடம் சொன்னார்: "பசிக்குன்னு இங்க யாரும் வரதில்லடா. எதிர்ல உக்காந்து பேசத்தான் வராங்க. சாப்பாடு ஒரு சாக்கு."

இப்படிச் சொன்ன மனுஷன் சொந்த வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? இதயம் பலவீனமாகிவிட்டது, இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, நான் பார்க்கப் போயிருந்தேன். அண்ணி அப்போதுதான் சொன்னார். "வீட்டுலயும் உக்கார மாட்டாருப்பா. எனக்குப் போட்டுட்டு பக்கத்துல நிப்பாரு, நான் என்னமோ கஸ்டமர் மாதிரி. நான் எழுந்த பிறகு தனியா சாப்பிடுவாரு. கல்யாணம் ஆனதுல இருந்து இதேதான். ஒரே ஒரு தடவை எதிர்ல உக்காந்து சாப்பிட்டுப் பாக்கணும்." அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணியின் ஆசையை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இருவரையும் இங்கேயே எதிரெதிரே உட்கார வைத்து, அதையே அண்ணனுக்கு வழியனுப்பு விருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஜன்னலோரம் இருவர் மேசை. அண்ணி பச்சைப் பட்டுப்புடவையில் வந்தார். அண்ணன் வெள்ளைச் சட்டையில், இண்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி சீட்டு நுனியில் உட்கார்ந்தார். வெங்காய சூப்பை எடுத்துக்கொண்டு போனேன். எழுந்துவிட்டார். "குடுடா, நான் வைக்கிறேன்." உட்கார வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால், அடுத்த மேசையில் முள்கரண்டி கோணலாக இருக்கிறதென்று எழுந்து போய் நேராக்குகிறார். திரும்பி வந்தவர், அண்ணியின் ரொட்டித் துகளைத் துடைக்க மறுபடி நின்றார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்குமா?" என்றார். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பெட்டியில் நடைபாதை ரொம்பக் குறுகல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கடக்க முடியாது. அதனால் அண்ணன் போட்ட சட்டம் ஒன்று உண்டு: கையில் தட்டு உள்ளவனுக்குத்தான் வழி, வெறுங்கைக்காரன் பக்கத்து சீட்டுக்குள் ஒதுங்க வேண்டும். எங்கள் கால்களில் ஊறிப்போன சட்டம் அது. மூடி போட்ட தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். அவர் எழும்போதெல்லாம், "சூடு, சூடு, வழி!" என்று குரல் கொடுத்தபடி எதிரே போனேன். யோசிக்காமலே பின்வாங்கி சீட்டில் உட்கார்ந்துவிடுவார். நான் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் சந்தேகம் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"டேய், வெறுந்தட்டுடா இது!"

"தட்டுன்னுதானே அண்ணா ரூலு? அதுல என்ன இருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழவில்லை.

வாத்துக்கறி வந்தபோது, "நல்லா இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் வந்த அத்தனை பேரிடமும் கேட்ட கேள்விதான்.

"உப்பு பத்தல" என்றார் அண்ணி.

ஷெஃப் காதில் விழுந்திருந்தால் பாண்டிச்சேரிக்கே திரும்பிப் போயிருப்பார். அண்ணன் உப்பை எடுத்து அண்ணி தட்டில் தூவினார். அந்தத் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, "ஆமா, பத்தல" என்றார். அதன் பிறகு மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதில் தொடங்கி என்னென்னவோ பேசினார்கள்.

சில வாரங்களில் அண்ணன் போய்விட்டார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் கையில் இருக்கிறது, அது எங்கும் போகாது. நான் தனியாக எடுத்து வைத்திருப்பது வேறு. அன்றைக்கு மற்ற எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் போனதும் தட்டுகளை எடுக்க அந்த மேசைக்குப் போனேன். அண்ணன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அண்ணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையை மட்டும் லேசாக அசைத்து, "அப்புறம் வா" என்றார்.