தீயணைப்பாளர் மகளுக்கு எழுதிய பொறுப்பாண்மை ஆவணம்

இதனை எழுதி வைக்க வேண்டிய தேவை ஊராரின் பேச்சால் உண்டாயிற்று. பாகூர்க் கொம்யூன் என்னும் ஊராட்சிப் பகுதியைச் சேர்ந்த எங்கள் ஊரில், என் தங்கையின் இளைய மகன் தன் பங்கு நிலத்தையும் வீட்டையும் மகளின் வாழ்நாள் நலத்துக்கென ஒரு பொறுப்பாண்மைக்குள் வைத்தான். டிரஸ்ட் என்று மக்கள் வழங்குவது இதையே. ஆவணம் பதிவாகிச் சில நாள் செல்வதற்குள் அச்செய்தி பல வடிவம் எடுத்தது. உடன்பிறந்தார்க்குள் பகை மூண்டது என்றனர் சிலர். நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவிட்டான் என்றனர் வேறு சிலர். அவனுக்குத் தீராத நோய் என்ற பேச்சு சோரியாங்குப்பம் வரை சென்று, அங்கிருந்து நலம் உசாவுவோருடன் எங்களிடமே திரும்பி வந்தது. மூன்றும் பிழை. தாய்மாமன் என்ற முறையில் தொடக்கம் முதல் உடனிருந்தவன் நான். ஆகவே நடந்ததை நடந்தவாறு சொல்கிறேன்.

என் தங்கையும் அவள் கணவரும் இப்போது இல்லை. அவர்களுக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவன் உழவன், தந்தை விட்டுச் சென்ற நிலம் முழுவதிலும் நெல்லும் கரும்பும் அவனே பயிரிடுகிறான். இளையவன் தீயணைப்புத் துறையில் பணியாற்றுகிறான். இளையவனுக்கு ஒரே மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அகவைக்கு ஏற்ற அறிவு வளர்ச்சி அவளுக்கு இல்லை; இனி வாய்ப்பதும் அரிது என்று மருத்துவர் கூறிவிட்டனர். தானே உண்பாள், தலைவாரிக் கொள்வாள், வில்லியனூர்ப் பேருந்தின் ஒலியைத் தொலைவிலேயே அறிந்து கைதட்டுவாள். ஆனால் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். வளையலைக் கேட்டால் உடனே கழற்றி நீட்டுவாள். அவ்வியல்பைக் கண்டு நாங்கள் மகிழ்ந்திருந்தோம். அதைக் கண்டு அஞ்சியவன் அவள் தந்தை ஒருவனே.

அவ்வச்சம் வலுப்பட ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. அவனுடன் பணியாற்றிய ஒருவர் எரிந்த கூரை சரிந்து விழுந்து இறந்தார். குடும்பத்துக்கு வரவேண்டிய பணமெல்லாம் முறையாகவே வந்தது. எனினும் சில ஆண்டுகளில் ஒன்றும் எஞ்சவில்லை. எவரும் களவாடவில்லை. உறவினர் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டனர். அவர் மனைவிக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. இதைக் கண்ட பின்னரே இளையவன் என்னிடம் வந்தான்.

"மாமா, எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா எம்பொண்டாட்டி எப்படியாச்சும் சமாளிச்சிக்குவா. அவளுக்கும் அப்பறம்? பாப்பாகிட்ட வந்து கைநாட்டு வையின்னு எவன் சொன்னாலும் வெச்சிரும். வெச்சிட்டு சிரிக்கும்."

இருவரும் வில்லியனூரில் ஒரு வழக்கறிஞரைக் கண்டோம். மகள் பெயருக்கு நிலத்தை உயில் எழுதி வைப்பதே போதும் என்று நான் எண்ணியிருந்தேன். வழக்கறிஞர் மறுத்தார். உயிலால் நிலம் அவள் கைக்கு வந்து சேரும். கைக்கு வந்தது கைவிட்டுப் போவதையே நாம் தடுக்க முயல்கிறோம் என்றார். பொறுப்பாண்மையில் நிலம் பொறுப்பாளர்களின் பெயரில் நிற்கும். ஆனால் அதன் பயன் அவர்களைச் சேராது. வருவாயை அவள் உணவு, மருந்து, உடை, பராமரிப்பு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும். அவள் காலத்துக்குப் பின் நிலம் யாரைச் சேர வேண்டும் என்பதையும் அவ்வாவணத்திலேயே குறிக்கலாம். மனைவி, அண்ணன், பணி ஓய்வு பெற்ற தன் நிலைய அலுவலர் ஆகிய மூவரையும் பொறுப்பாளராக்க இளையவன் விரும்பினான். மகளுக்குப் பின் நிலம் அண்ணன் பிள்ளைகளுக்கே போகட்டும் என்றான்.

இடையூறு ஒன்றே. நிலம் இன்னும் தந்தை பெயரிலேயே இருந்தது. பாகம் பிரித்துப் பதிந்தாலன்றி இளையவன் தன் பங்கை எதற்குள்ளும் வைக்க இயலாது. அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும்.

எங்கள் பக்கத்து உழவர் குடும்பங்களில், பிள்ளைகள் தலையெடுக்கும் வரை நிலத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது பெருமையாகக் கருதப்படும். பிரிக்கச் சொல்பவன் சண்டைக்கு வந்தவன் என்றே பொருள் கொள்வர். அது தெரிந்தும் ஒரு நண்பகலில், மூத்தவன் வீட்டில் உண்டு முடித்தபின் இளையவன் பேச்சைத் தொடங்கினான். சொல்லி முடிக்கும் முன்பே மூத்தவன் முகம் மாறிற்று.

"இன்னாடா சொல்ற? என் தம்பி பொண்ணுக்கு சோறு போட எனக்குப் பத்திரம் வேணுமா? ரிஜிஸ்டர் ஆபீசுல போய் சத்தியம் பண்ணணுமா?"

"உன்ன நம்பாம இல்லண்ணா."

"அப்பறம் அந்த ரிட்டையர் ஆன ஆபீசர் எதுக்கு? அவரு இன்னா நம்ம பங்காளியா? நாளைக்கி வாய்க்கா வெட்டறதுக்கும் அவருகிட்ட பர்மிசன் கேக்கணுமா?"

"பாப்பாவுக்காகத்தாண்ணா."

"பாப்பா எம்மடியில வளந்த புள்ளடா! மாமா, நீங்களும் இதுக்குக் கூட்டா?"

நான் சட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். இளையவன் மனைவியும் அந்நாளில் எங்கள் பக்கம் இல்லை. "மனுசன் கல்லு மாரி இருக்கும்போதே எழவு கணக்கு பாக்கறாரு" என்று என்னிடம் சொல்லி அழுதாள். பேச்சு அத்துடன் நின்றது. அண்ணனும் தம்பியும் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றியும் ஏரி நீரைப் பற்றியும் மட்டும் பேசினர்.

இங்கே தீயணைப்பு நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அழைப்பு வந்தவுடன், புறப்படுவோர் மோதிரம், சங்கிலி முதலியவற்றைக் கழற்றி, நிலையத்தில் தங்கிக் காவல் இருப்பவரிடம் கொடுத்துச் செல்வர். மோதிரம் ஏணியில் மாட்டினால் விரல் போகும். சூடேறினால் கழற்ற வராது. திரும்பியதும் அவரவர் பொருளை அவரவர் வாங்கிக் கொள்வர். எழுத்தும் இல்லை, சான்றும் இல்லை.

கரும்பு வெட்டும் பருவத்தில் ஒரு பிற்பகல், மூத்தவனின் கரும்புக் கொல்லைக்கு அடுத்த கொல்லையில், வெட்டியபின் கிடந்த காய்ந்த தோகையாகிய சோகையைக் கொளுத்தியவர்கள் காற்றின் போக்கைக் கணிக்கத் தவறினர். வெட்டாத கரும்பில் தீ ஏறிவிட்டது. புகையைக் கண்டு நானும் வரப்போரம் சென்றேன். மூத்தவன் நனைத்த சாக்கால் தீயை அடித்துக்கொண்டிருந்தான். தீயணைப்பு வண்டி வந்தது. பள்ளி ஒன்றில் செயல்விளக்கம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அழைப்பைப் பெற்று அவர்கள் நேரே வந்திருந்தனர். ஆதலின் மோதிரத்தை வாங்கி வைக்க யாரும் இல்லை. இளையவன் வண்டியிலிருந்து குதித்தான், விரலைப் பார்த்தான், சுற்றும் முற்றும் நோக்கினான், அண்ணனிடம் ஓடி வந்தான்.

"புடிண்ணா இத" என்று மோதிரத்தை அவன் கையில் திணித்துவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு புகைக்குள் சென்றான்.

மூத்தவன் அதை வேட்டி முனையில் முடிந்துகொண்டான். அதன்பின் அவன் தீயை அடிக்கவில்லை. முடிச்சை ஒரு கையால் பற்றியவாறு தம்பி சென்ற திசையையே பார்த்து நின்றான். அடுத்த கொல்லையில் பாதி எரிந்தது; இவன் கரும்பு பிழைத்தது. இளையவன் கரிபடிந்த முகத்துடன் வெளிவந்தபோது முடிச்சு இறுகிப் போயிருந்தது. மூத்தவன் பல்லால் கடித்து அவிழ்த்து மோதிரத்தைக் கொடுத்தான்.

மாலையில் மூத்தவன் வீட்டு வாசலில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். வண்டி நிலையத்துக்குத் திரும்பிவிட்டதால் இளையவன் இல்லை. மூத்தவன் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"மோதிரம் நல்லா கனமா இருந்துச்சே. வெரல்ல ஒரு வாட்டி போட்டுப் பாத்திருக்கக் கூடாது?"

"ஏய், தம்பி மோதிரத்த நான் எதுக்குடி போடறேன்? அவன் வர்ற வரிக்கும் வெச்சிக்கினு இருந்தேன்."

"அத்தத்தானே அந்தப் பத்திரத்துலயும் எழுதறேங்கறாங்க. அதுக்கு மட்டும் மூஞ்சத் தூக்கி மோட்டுல வெச்சிக்கினீங்க."

மூத்தவன் தேநீரைக் கீழே வைத்தான். யாரையும் பாராமல் சொன்னான்:

"அவன் வந்தான், வாங்கிக்கினான். வரலன்னா?"

மறுநாள் காலை அவனே என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றவாறே பேசினான்.

"மாமா, நான் இருக்கிற வரிக்கும் கொழந்தைக்கு ஒரு கொறையும் வராது. எனக்கு அப்பறம் எம்பசங்க. அவனுங்க நல்லவனுங்கதான், ஆனா நாளைக்கி எந்தப் புத்தி வருமோ. பாப்பாவுக்கு அப்பறம் நெலம் அவனுங்களுக்குத்தான்னு வேற தம்பி எழுதச் சொல்றான். அப்ப அவனுங்க கையிலியே பொறுப்பையும் குடுக்கலாமா? அந்த ஆபீசரு இருக்கட்டும். என்ன நம்பாத மாரியே எழுதுங்க."

வழக்கறிஞர் இரு முறை சுற்றிவளைத்துச் சொல்லி எனக்கு விளங்காதிருந்த கூறு இதுவே. அவன் கூறியவாறே ஆவணத்தில் சேர்த்தோம். மூவரும் ஒப்பினாலன்றி நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. ஒருவர் இடம் ஒழிந்தால் எஞ்சியோர் வேறொருவரை அமர்த்த வேண்டும். பின்னாளில் நிலத்தைப் பெறவிருப்போர் மட்டுமே பொறுப்பாளராக இருத்தல் கூடாது. பாகப்பிரிவினை முதலிலும் பொறுப்பாண்மை அடுத்தும் பதிவாயின. இளையவன் மனைவி தயங்கித்தான் வந்தாள். மூத்தவன் முதலில் சென்று கையெழுத்திட்டதைக் கண்டபின் அவளும் இட்டாள்.

பதிவகத்துக்கு மகளையும் அழைத்து வந்திருந்தனர்; வீட்டில் விட்டுவர ஆளில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராக ரேகைக் கருவியில் விரல் வைப்பதைக் கண்டு, தன் முறை வந்ததாக எண்ணி அவளும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு முன்னே வந்தாள். மூத்தவன் அவ்விரலை மடக்கி, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"நீ வெக்கத் தேவல கண்ணு. இனிமே யாரு கேட்டாலும் வெக்கத் தேவல."

அவள் சிரித்துக்கொண்டு வளையலைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி, மீண்டும் அவள் கையிலேயே போட்டுவிட்டான்.

நான் தமிழ் கற்பித்து ஓய்ந்தவன். சட்டம் கற்றவன் அல்லன். மேலே சட்டம் பற்றிக் கூறியவை வழக்கறிஞர் வாயிலாகக் கேட்டு, என் சொல்லில் அமைத்தவை. ஆயுள் காப்பீட்டுத் தொகையையும் இவ்வாவணத்துள் சேர்க்கலாமா, அதற்குத் தனி வழி உண்டா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அறிந்தோர் இதிலும் பிறவற்றிலும் நான் வழுவிய இடங்களைச் சுட்டித் திருத்தித் தருக. இதனை நம்பி வேறொரு குடும்பம் தன் பிள்ளைக்கு ஆவணம் எழுதக்கூடும். என் பிழை அங்குச் சென்று சேர்தல் ஆகாது.