பிள்ளையார் உபயம், இரண்டு கிலோ

பாதித் தேசிக்காயை உள்ளங்கையில் பிழிந்து, சாறு விரல் இடுக்கெல்லாம் இறங்கும்வரை தேய்க்கிறாள் சுபாஜினி. பிறகு விரல்களை மூக்கடியில் பிடித்து மணந்து பார்க்கிறாள். முகம் சுருங்குகிறது. மற்றப் பாதியையும் எடுக்கிறாள். வங்கிக்குப் போவதென்றாலும், மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதென்றாலும், படலையில் யாராவது வந்து நின்றாலும் இதுதான் முதல் வேலை. மருதனார்மடம் சந்தையில் வாரம் ஒரு கிலோ தேசிக்காய் வாங்குகிறாள். "ஊறுகாய் நல்லாப் போகுது போலை" என்று வியாபாரி கேட்டால், ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

அவள் தொழில் கருவாடு. காங்கேசன்துறைக்குக் கிழக்கே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. கணவன் கோபிசங்கர் விடியக் கொண்டுவரும் மீன் போதாமல் மற்றப் படகுகளிடமும் வாங்கி, வெட்டி, உப்பிட்டு, பழைய வலை போர்த்திய பந்தலில் காயவைக்கிறாள். விற்பது முழுக்கக் கைபேசியில், பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரருக்கு. முகநூல் பக்கத்தின் பெயர் 'வடகடல் உலர் உணவுகள்'. கருவாடு என்ற சொல் அதில் மருந்துக்கும் கிடையாது. முகப்பில் ஒரு செவ்வரத்தம்பூ. பொதியை மூன்று பொலித்தீனில் சுற்றி, நடுவில் கோப்பித்தூள் தூவி, மணம் வெளியே போகாதபடி ஒட்டுவாள். எடை நிறுத்த பிறகு மேலால் ஒரு துண்டு வைக்காவிட்டால் அவளுக்கு மனம் ஆறாது. "கட்டாக் கருவாடு ஒண்டு கூட வைச்சிருக்கிறன் அண்ணை, அக்காவுக்குச் சொல்லுங்கோ" என்று குரல்பதிவில் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு தாராளம் இருக்கும்.

அதே குரலில்தான் மூன்று வருடமாக இன்னொன்றும் சொல்லிவந்தாள். "காசு போடேக்கை கருவாடு எண்டு எழுதிப்போடாதேங்கோ. பிள்ளையார் உபயம் எண்டு எழுதுங்கோ."

கோயில் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஒரு குடும்பம் ஏற்பதுதான் உபயம். வெளிநாட்டுச் சொந்தங்கள் அதற்குப் பணம் அனுப்புவது ஊரில் புதிதல்ல. அந்தச் சொல்லைப் பார்த்து வங்கியிலும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்தது சுபாஜினிதான். வரி பற்றிய ஞானத்தை மட்டும் ஒன்றுவிட்ட தங்கை நிவேதனா கொடுத்தாள். அவள் முகநூலில் சேலை விற்கிறவள். "கடை இல்லை, போர்ட் இல்லை, பிறகென்ன வரி? ஃபோனிலை கதைக்கிறதுக்கும் வரியோ?" என்றாள். கேட்க இனிமையாக இருந்தது. இனிமையாக இருப்பதை யார்தான் இரண்டாம் முறை விசாரிப்பார்கள்? மீனவர் வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததில் மகள் ஒருமுறை அழுதுகொண்டு வந்த பிறகு, கருவாடு என்ற சொல்லை எங்கும் எழுதாமல் தப்பியதும் சுபாஜினிக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. வரிக்கு ஒளித்தாளா, மணத்துக்கு ஒளித்தாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

போன வருடம் இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய வங்கிக் கணக்கில் ஒரே வருடத்தில் முந்நூற்று நாற்பது தடவை உபயம் என்று பணம் வந்திருக்கிறது. அது எந்தக் கோயிலுக்கு, அந்தக் கோயில் பெற்றுக்கொண்டதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருந்தார்கள். கோபிசங்கர் வாசித்துவிட்டு, "கடலிலை எடுத்ததுக்கு ஆரப்பா வரி கேக்கிறது?" என்று சத்தம் போட்டான். இரண்டாம் தரம் வாசித்துவிட்டுச் சத்தம் போடாமல் எஞ்சின் கழுவப் போய்விட்டான்.

அன்று பின்னேரம் நான்கு பாதித் தேசிக்காய் தேய்த்துக்கொண்டு சுபாஜினி கோயில் தர்மகர்த்தா ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். மனுசன் ஒரு காலத்தில் சீமெந்து ஆலையில் கிளாக்கர். கோயிலுக்கு வந்த ஐம்பது ரூபாயைக்கூட எழுதாமல் விடாதவர். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனத்தை ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்.

"வெளிநாட்டாக்கள் என்ரை கணக்குக்கு உபயக் காசு போட்டவை ஐயா. அது கோயிலுக்கு வந்தது எண்டு ஒரு கடிதம் வேணும்."

தரமுடியாது என்று அவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். ஏன், எதற்கு என்று குறுக்குக் கேள்வி கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவரோ அலுமாரியைத் திறந்து பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அடிக்கட்டையாகப் புரட்டினார். ஒரு புத்தகம் முடிந்தது. அடுத்ததை எடுத்தார். நெற்றியில் வியர்வை.

"உன்ரை பேரிலை ஒண்டையும் காணேல்லைப் பிள்ளை. நான்தான் எழுத மறந்துபோனனோ தெரியாது. இப்ப கொஞ்ச நாளா மறதி வருது. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை." குரல் இறங்கிப்போனது. "நீ குறை நினையாதை. கடிதத்தை எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்."

நாற்பது வருடம் சுத்தமாக எழுதிய மனுசன், சுபாஜினியின் பொய்க்காகத் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். பேனாவும் கையில் தயார். கடிதத்தை வாங்கிக்கொண்டு போனால் தப்பிவிடுவாள். அவள் எழுந்து நின்றாள்.

"நீங்கள் மறக்கேல்லை ஐயா. அது உபயக் காசில்லை."

"அப்ப?"

"கருவாட்டுக் காசு."

அவர் மேசையில் பரவிக் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினார். பிறகு, "பிள்ளையாற்றை பேரிலையோ?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். அந்த ஒரு கேள்விதான் இன்றுவரை அவள் காதில் கிடக்கிறது. உண்மையை எழுதித் தரும்படி அவள் கேட்க, அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: இவருடைய கணக்குக்கு வந்த பணத்தில் எங்கள் ஆலயத்துக்கு எந்த உபயமும் கிடைக்கவில்லை. ஒரே வசனம். கீழே கையெழுத்து, முத்திரை.

அந்தக் கடிதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். வரி அலுவலகத்தில் நிரோஜினி என்ற இளம் உத்தியோகத்தர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சுபாஜினி கைகளை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

"அக்கா, கடை இருந்தாலென்ன, ஃபோனிலை வித்தாலென்ன, வருமானம் வருமானம்தான். ஆனா வந்த காசு முழுக்க வருமானமில்லை. மீன், உப்பு, பாசல் காசு எல்லாம் கழிச்சு, மிச்சம் சட்டத்திலை சொன்ன தொகைக்கு மேலை போனாத்தான் வரி. பில் வைச்சிருக்கிறியளோ?"

பழைய பிஸ்கட் பெட்டி நிறையத் துண்டுகள் வைத்திருந்தாள். இரண்டு கிழமை அலைந்து வரி இலக்கம் எடுத்து, கோப்புத் திறந்து, கழிக்கவேண்டியதைக் கழித்து முடித்தபோது, தண்டத்தோடு சேர்த்தும் கட்டவேண்டி வந்தது ஏழெட்டு மூடை உப்பின் விலை. வேறொருத்தியாக இருந்தால் பெருமூச்சு விட்டுச் சிரித்திருப்பாள். சுபாஜினி பஸ்ஸில் யன்னல்பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். லட்சக்கணக்கில் மிச்சம் பிடித்திருந்தாலாவது ஆசைப்பட்டுச் செய்தேன் என்று சொல்லலாம். இவ்வளவு சின்னக் காசுக்கா பிள்ளையாரைக் கருவாட்டுப் பொதிக்குள் வைத்துக் கட்டினோம் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது பில்களைத் திகதிவாரியாகக் கம்பியில் குத்தி வைக்கிறாள். வரிப் படிவத்தை நிவேதனாவுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். முகநூல் பக்கத்தில் கருவாடு என்ற சொல் ஏறிவிட்டது. செவ்வரத்தம்பூ மட்டும் அப்படியே இருக்கிறது. பழக்கதோசத்தில் ரொறன்ரோவிலிருந்து இன்றும் ஒருவர் 'பிள்ளையார் உபயம், 2 கிலோ' என்று எழுதிப் பணம் போடுகிறார். அதைக் கண்டால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. கோயிலுக்குப் போனால் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். ஒலிபெருக்கியில் அன்றைய உபயகாரரின் பெயர் வாசிக்கும்போது குனிந்து, கழன்றுபோகாத கொலுசைச் சரிசெய்கிறாள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு முன் ஆழ்வாப்பிள்ளை வழக்கம்போல உபயம் பதிய வீடு வீடாக வந்தார். தன் வீட்டைக் கடந்துபோய்விடுவார் என்று அவள் நம்பியிருந்தாள். வந்து படலையைத் தட்டினார். செதில் உரித்துக்கொண்டிருந்த கையை அவசரமாகத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு ஓடினாள். தேசிக்காய் எடுக்க நேரமில்லை.

"என்ன பிள்ளை, இந்தமுறை என்ன மாதிரி?"

"எனக்கும் ஒரு நாள் ஐயா... அது... ஒரு நாள் செய்யவேணும்."

"எது?" அவர் காது கொஞ்சம் மந்தம். பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

ஒரே வருடத்தில் முந்நூற்று நாற்பது தடவை மற்றவர்களைக்கொண்டு எழுதுவித்த அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் உபயம் என்று அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எடுத்தபோது அந்தச் சொல்லின்மேல் ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது. அவர் காண்பதற்கிடையில் முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். செதில் போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.