குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்த பதில்

சொந்த வீடு வாங்கும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஈசூனில் ஒரு வாடகை வீடு, தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி. இது போதும் என்றுதான் இருந்தேன். என் தங்கை ஒரு பையும் கட்டுப்போட்ட கையுமாக வாசலில் வந்து நின்ற பிறகுதான் வீடு தேட ஆரம்பித்தேன். பெரிய ஹாலோ காற்றோட்டமோ நான் தேடவில்லை. அவள் புருஷனுக்கு முகவரி தெரியாத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

புருஷன் என்று எழுதவே எரிச்சலாக இருக்கிறது. விவாகரத்து முடிந்துவிட்டது. அவளிடம் வம்புக்குப் போகக்கூடாது என்று கோர்ட் உத்தரவும் இருக்கிறது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, அவன் கை அவனிடம்தான் இருந்தது. குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, பெரியவர்களைக் கண்டால் கும்பிடு. ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருந்தபோது தங்கை டிவி சத்தத்தைக் குறைக்கவில்லையாம். அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். ஒரு தடவை சாத்தியதில் உடையவில்லை என்று மறுபடியும் சாத்தினான்.

வீடு கிடைப்பது லேசாக இல்லை. வாடகைக்குப் போனால் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் இடம் மாற வேண்டும், சொந்தமாக இருந்தால்தான் அவள் நிம்மதியாக ஓரிடத்தில் இருப்பாள் என்று தோன்றியது. நாங்கள் பார்த்துப் பிடித்த அடுக்குமாடி புளோக்குகளில் எல்லாம், இனத்துக்கு இத்தனை வீடு என்ற அரசாங்கக் கணக்கில், இந்தியர்களுக்கான ஒதுக்கீடு நிரம்பியிருந்தது. அங்கே ஓர் இந்தியர் விற்றால்தான் நாங்கள் வாங்க முடியும். அப்படி ஒருவர் குவீன்ஸ்டவுனில் அகப்பட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் அந்தக் கணக்கில் அவர்களும் இந்தியர்கள்தான்; குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டதால் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போவதற்காக வீட்டை விற்கிறார். ஏஜெண்ட் வைக்காமல் தானே விளம்பரம் போட்டிருந்தார்.

அவர் கேட்ட விலையை அப்படியே ஒப்புக்கொண்டேன். வெங்காயத்துக்குக்கூடப் பேரம் பேசாமல் விட்டதில்லை நான். அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வேறு யாரையோ தேடுவதுபோல் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்ல அங்கிள். நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பொம்பிளையள் தனிய..." என்று இழுத்தார். "கனகாலம் பழகின அயல் சனம், பிள்ளை. ஆரைக் கொண்டுவந்து விட்டனான் எண்டு நாளைக்கு என்னைத்தான் கேப்பினம். யோசிச்சுச் சொல்லுறன்."

ஆம்பிளை இருந்ததால்தான் ஐயா வீடு தேடி அலைகிறோம் என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு ஓப்ஷன் என்ற விற்பனைச் சம்மதப் பத்திரத்தைக் கொடுக்கும்வரை எதுவும் நிச்சயமில்லை. திரும்பி வரும்போது ரயிலில் தங்கை சமையலறையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் துளசி வைக்க இடம் இருக்கிறதாம். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. வேலையில் கைப்பேசியை மேசைக்கு அடியில் மடியிலேயே வைத்திருந்தேன். மகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு செய்தி மட்டும் அவரிடமிருந்து வந்தது. அந்த மகளை, முகம் தெரியாமலே, மனதுக்குள் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

சனிக்கிழமை காலை அவன் ஈசூனுக்கு வந்தான். நான் சமையலறை ஜன்னலோரம் மூங்கில் கழியில் துணி கோர்த்துக்கொண்டிருந்தேன். தங்கை காற்றுக்காக மரக்கதவைத் திறந்து வைத்திருந்தாள், இரும்புக் கேட் பூட்டித்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் ஓடிய சத்தத்தில் எனக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட் அதிர்ந்தது. யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

தட்டியது என் தங்கையின் தலை. கம்பி வழியாகக் கையை விட்டு அவள் பின்னலைப் பிடித்து இழுத்து இழுத்து மோதிக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தவே இல்லை. "வீட்டுக்கு வா. நல்லபடியாத்தானே சொல்றேன். வா லா." ஒவ்வொரு 'வா'வுக்கும் ஒரு மோதல். அவள் கத்தவும் இல்லை. நெற்றிக்கும் கம்பிக்கும் நடுவில் கையைக் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரத் துணியோடு அந்த மூங்கில் கழியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி, கம்பிக்குள் விட்டுக் குத்தினேன். முதல் குத்து தோளில் வழுக்கியது. இரண்டாவது விலா எலும்பில் சரியாக இறங்கியது. பின்னலை விட்டான். விட்ட பிறகும் குத்தினேன். அவன் குனிந்தபோது கழுத்தைப் பார்த்துக் குத்தினேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இடையில் அந்தக் கேட் மட்டும் இல்லையென்றால் நான் இப்போது சிறையில் இருந்திருப்பேன்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மா வெளியே வந்து, "போலீஸ்! போலீஸ்!" என்று புளோக்கே கேட்கக் கத்தினார். அவன் நிமிர்ந்தான். சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகினான். லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, ஆபீசுக்குப் போகிறவன்போல் நின்றான். போலீஸ் வந்தபோது அவன் இல்லை. எழுதிக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், நடவடிக்கை எடுப்போம் என்றார்கள். தங்கையின் நெற்றியில் கம்பி நேர்க்கோடாகப் பதிந்து வீங்கியிருந்தது. கேட்டில் சிக்கியிருந்த அவள் முடியை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

"அங்கிள் சரின்னு சொல்லிருவாருல்லக்கா?" என்றாள். ஐஸ் ஒற்றடம் வைத்துக்கொண்டிருந்தேன். சொல்வார் என்றேன். சொல்லாவிட்டால் அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன்.

அந்த வாரமே பதில் வந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எச்சில் கையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓம் பிள்ளை, உங்களுக்கே குடுக்கிறன்," என்றார்.

தங்கை சோற்றுக் கையை அப்படியே வாயில் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி அங்கிள், நன்றி அங்கிள் என்று உளறினேன்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை, நான் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டன். தங்கச்சியின்ர அவர் நேற்று வந்தவர். பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தவர். அறை அறையாப் பாத்தவர். கேட்டின்ர பூட்டு உறுதி காணாது, தானே மாத்துறன் எண்டு சொன்னவர். எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு."

பிறகு கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கைப்பேசியை வைத்தேன்.

"அவனுக்கு யார் சொன்னா?"

மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கத்தினேன். லிட்டில் இந்தியாவில் எண்கணிதம் பார்ப்பவர் ஒருவரிடம் போனாளாம். பதில் வரவில்லையே என்ற தவிப்பில், வீட்டு எண் நமக்கு ஒத்துவருமா என்று கேட்கப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவளுடைய கல்யாணத்துக்கு நாள் குறித்தவர், அவன் குடும்பத்துக்கு ஆஸ்தான ஜோசியர்.

"புளோக் நம்பர், கதவு நம்பர் எல்லாம் கேட்டாருக்கா. அப்புறம் குடும்பத் தலைவர் பிறந்த தேதி சொல்லுன்னார். ஆம்பள தேதி இல்லாம பாக்க முடியாதுன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"அவர் தேதியத்தான் சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "வாயில அதான் வந்துச்சு. ரொம்ப நல்லா பொருந்துதுன்னாருக்கா."

பொருந்தியதைச் சொல்லி வாழ்த்துவதற்கு அந்த மனிதர் அவனையே கூப்பிட்டிருப்பார். பிரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் சேர்த்துவைக்கும் புண்ணியத்தைத் தேடியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் யோசிக்க ஓடவில்லை. எழுந்து அவளை அறையக் கையை ஓங்கினேன்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிச் சுவரோரம் ஒடுங்கிவிட்டாள். சத்தமே இல்லை. உடைந்து சேர்ந்த கையை உள்ளே மறைத்து, நல்ல கையை வெளியே காட்டியிருந்தாள், அடி அதில் விழட்டும் என்று. எந்தக் கையைக் காட்ட வேண்டும் என்பது வரைக்கும் உடம்பு கற்று வைத்திருந்தது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் வீசினேன். அது சுக்கல் சுக்கலாகத் தெறித்தது. அவள் இன்னும் ஒடுங்கினாள்.

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் கைகளை இறக்கினாள். பிறகு குவீன்ஸ்டவுனுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கதவிடுக்கு, கோர்ட், சனிக்கிழமை கேட், ஒன்று விடவில்லை.

"அப்பிடித் தெரியேல்லையே பிள்ளை," என்றார் பெரியவர். "நல்ல மரியாதையாத்தானே கதைச்சவர். குடும்பமெண்டால் நாலும் இருக்கும். நாளைக்கு வாறீங்களே, கையெழுத்துப் போட?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீடு எனக்கு வேண்டும். கேமரா வைக்கலாம், பூட்டை மாற்றலாம், அவனுக்குத் தெரிந்தால்தான் என்ன, மறுபடி இப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தங்கை கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வீடு வேண்டாம் அங்கிள்," என்றாள். "நான் வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சா அவர் திரும்ப அங்க வருவார். பழம் வாங்கிட்டுத்தான் வருவார். நீங்க கேட்டைத் தொறக்காதீங்க. கம்பிகிட்ட நின்னும் பேசாதீங்க, கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க."